பொதிகை அடிவாரத்தில் வாங்கிய வேர்: என்னவென்று யாருக்காவது தெரியுமா?

கார்த்தி_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். மனைவி வீட்டாருக்கு அவர்தான் சாஸ்தா. காரையாற்றில் குளியல், பட்டவராயன் சன்னதி, மணிவிழுங்கி மரம் எல்லாம் முடித்து, மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் வந்ததும் சாலையோரத்தில் ஒருவர் சாக்கு விரித்து வேர், பட்டை, காய் என்று குவித்து வைத்திருந்தார். சும்மா பார்க்கலாமே என்றுதான் இறங்கினேன்.

'அகத்தியர் வேர்' என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். பொதிகை உச்சியிலிருந்து அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் கொண்டு வந்ததாம். சர்க்கரை, மூட்டுவலி, நரம்புத் தளர்ச்சி மூன்றுக்கும் அது ஒன்றே போதுமாம். பாலில் அரைத்து ஒரு மண்டலம் குடிக்க வேண்டும் என்றார். ஐந்நூறு சொன்னதை முந்நூற்றைம்பதுக்குப் பேசி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது.

மொத்தம் ஏழு துண்டு. ஆறு துண்டு விரல் தடிமன், ஒன்று மட்டும் ஒல்லி. மேல்தோல் பழுப்பு. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைச் சதை, நடுவில் குச்சி போல ஒரு நரம்பு. படம் கீழே. ஆற்றில் குளித்ததிலிருந்து எனக்குக் கடும் ஜலதோஷம், அதனால் வாசனை பற்றிக் கேட்காதீர்கள். இது என்ன? சாப்பிடலாமா?

அம்பை_முருகன்

அண்ணாச்சி, முதலில் ஒன்று. சாப்பிடாதீங்க.

இரண்டாவது, பொதிகை உச்சியிலிருந்து வந்தது என்பதை நம்பாதீங்க. எனக்கு விக்கிரமசிங்கபுரம்தான் ஊர். அந்த உச்சிக்கு நம்ம பக்கத்திலிருந்து பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, பூங்குளம் வழியாகப் போகிற பாதையில் இப்போது யாரையும் விடுவதில்லை. போக வேண்டுமென்றால் கேரளத்தில் போணக்காடு போய், அனுமதி வாங்கி, வனத்துறை சொல்கிற நாளில் ஏற வேண்டும். முந்நூற்றைம்பது ரூபாய் வேருக்காக யாரும் அந்தக் கூத்து பண்ண மாட்டார்கள்.

காணிக்காரர் பெயரைச் சொன்னால் வியாபாரம் நடக்கும், அவ்வளவுதான். அமாவாசைக்கு வருகிற பாதிக் கடைகள் வெளியூர்.

அகத்தியர்_அடியேன்

எல்லாவற்றையும் கிண்டல் செய்ய வேண்டாம். பொதிகை சாதாரண மலை அல்ல. அகத்தியர் இன்றும் அங்கே தவம் இருக்கிறார். கருநெல்லி, சாயா விருட்சம், இரவில் ஒளிவிடும் சோதிப்புல் எல்லாம் தகுதி உள்ளவர் கண்ணுக்கு மட்டுமே படும். நண்பர் கையில் வந்திருப்பது குருவருளாகக்கூட இருக்கலாம்.

இலைச்சருகு

முப்பது வருஷம் தாவரவியல் பாடம் எடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். சோதிப்புல் பற்றிச் சொன்னதால் ஒரு சின்னக் குறிப்பு. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்கிய சுள்ளியும் இலையும் இருட்டில் பச்சையாக ஒளிரும். அந்த மட்கிய மரத்தைத் தின்று வளர்கிற ஒருவகைப் பூஞ்சைதான் ஒளிர்வது. கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை மங்கலாகத் தெரியும். அதை முதலில் பார்த்தவர் 'சோதி' என்று சொல்லியிருந்தால் அதில் பொய் எதுவும் இல்லை. தகுதியெல்லாம் வேண்டியதில்லை, டார்ச்சை அணைத்தால் போதும்.

இனி வேர். படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கிருந்து வந்திருக்க முடியாது என்பதைச் சொல்லலாம். பொதிகையை ஒரே காடு என்று நினைத்துக்கொள்கிறோம். பாபநாசத்தில் நிற்கும்போது நம்மைச் சுற்றி இருப்பது உடைமுள்ளும் வறண்ட புதரும். முண்டந்துறைக்குள் போனால் இலையுதிர் காடு. இன்னும் மேலே போனால் சூரியனே தரையில் படாத சோலை. 1,868 மீட்டர் உச்சியில் காற்று அடிக்கிற அடியில் மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை, தண்டெல்லாம் பாசி. ஒரே ஏற்றத்தில் இத்தனையும் வந்து போகும். யுனெஸ்கோ 2016இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைத் தன் பட்டியலில் சேர்த்தபோது கொடுத்த கணக்கு: உயர்தாவரங்கள் 2,254 வகை, அவற்றில் சுமார் 400 இந்த மலைப்பகுதிக்கே உரியவை. காட்டு மிளகு, காட்டு ஏலம், காட்டு ஜாதிக்காய், காட்டு வாழை, நாவல் என்று நம் தோட்டப் பயிர்களின் மூதாதைகள் இங்கே இருக்கின்றன.

கார்த்தியின் வேர் சதைப்பற்றோடு இருக்கிறது. தண்ணீரைச் சேமித்து வைக்கிற வேர் அது. வருஷத்தில் பாதிக்கு மேல் நனைந்து கிடக்கிற உச்சியில் அதற்கு என்ன வேலை? கீழே, வறண்ட பாறைச் சரிவில் வளர்கிற கொடி ஒன்றின் வேர் என்பது என் ஊகம். ஜலதோஷம் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பாளை_மாணவி

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கிறேன். முருகன் அண்ணன் சொன்னதையே நானும் சொல்கிறேன், தெரியாத வேரை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. குறிப்பாக ஒரு காரணம்: கண்வலிக்கிழங்கு. கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வோம். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு அது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரே செய்கிறார்கள், மாத்திரைக் கம்பெனிகள் கோல்சிசின் என்ற மருந்துப்பொருள் எடுக்க வாங்குகின்றன. அந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. சித்தத்தில் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை முறிக்காமல், தொட மாட்டோம்.

உங்கள் படத்தில் கலப்பை மாதிரி வளைவு இல்லை, நடுவில் நரம்பு இருக்கிறது. அதனால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

கார்த்தி_மதுரை

பயமுறுத்திவிட்டீர்கள். வேர் இப்போது பரண் மேல் இருக்கிறது. மனைவி ஊரில் இருக்கிறாள், வந்ததும் முகரச் சொல்கிறேன்.

இடையில் ஒரு சந்தேகம். அந்த மணிவிழுங்கி மரம் நிஜமாகவே மணியை விழுங்குகிறதா? என் பையன் மூன்று நாளாக இதையே கேட்கிறான்.

அம்பை_முருகன்

இலுப்பை மரம் அது. வேண்டுதல் நிறைவேறினால் மணி கட்டுவார்கள். ஆணியடித்து மாட்டின மணியைச் சுற்றி வருஷக்கணக்கில் மரம் பருத்து மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் மணி வெளியே தெரியாது. நான் சின்னப் பையனாகப் பார்த்த மணியில் பாதி இப்போது காணோம்.

இலைச்சருகு

பையனிடம் சொல்லுங்கள், மரம் உயரத்தில் வளர்வது நுனியில், பருமனில் வளர்வது பட்டைக்குக் கீழே. அதனால் மணி மேலே போகாது, உள்ளே போகும்.

இலுப்பை அங்கே நிற்பதில் இன்னொரு அழகு உண்டு. மின்சாரம் வருவதற்கு முன் கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய்தான். அதற்காகவே கோயில் நிலங்களில் இலுப்பைத் தோப்பு வைத்தார்கள். பூ இனிக்கும், 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை'. புண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். விளக்கு மாறியதும் தோப்பெல்லாம் விறகாகப் போயிற்று. இன்று இலுப்பையைத் தேடுகிறவன் கோயில் வாசலில்தான் தேட வேண்டும். பாபநாசம் கோயிலின் தலமரம் களா. அந்தக் காயில் ஊறுகாய் போடாத வீடு நம் பக்கத்தில் ஒரு காலத்தில் இருந்திருக்காது. மூலிகை என்றால் எல்லோரும் உச்சியைப் பார்க்கிறோம். நான் அடிவாரத்துக்காரன்.

நெய்யாற்றங்கரை_பாபு

தாமதமாக வருகிறேன். தமிழ் படித்தது நாகர்கோவிலில், இருப்பது கேரளத்தில், பிழை இருந்தால் பொறுக்கவும். இரண்டு முறை அகத்தியர்கூடம் ஏறியிருக்கிறேன், பொதிகை உச்சியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காணிக்காரர், மூலிகை என்று பேச்சு வந்ததால் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே பலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும்.

1987 டிசம்பர். பழங்குடிகளின் தாவர அறிவைப் பதிவு செய்யும் அகில இந்தியத் திட்டம் ஒன்றின் விஞ்ஞானிகள் அகத்தியர் மலையில் ஏறுகிறார்கள். பி. புஷ்பாங்கதன், எஸ். ராஜசேகரன் அதில் இருந்தார்கள். வழிகாட்ட வந்தவர்கள் காணி இளைஞர்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, காணிகள் சோர்வே இல்லாமல் நடக்கிறார்கள். நடக்கும்போது ஏதோ சின்னக் காயை வாயில் போட்டு மென்றுகொண்டே வருகிறார்கள். கேட்டதும் இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்ற பிறகு உடம்பில் தெம்பு ஏறினதாக விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள்.

என்ன செடி என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. வெளியாளுக்குச் சொல்லக் கூடாத சங்கதி என்றார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் காட்டினார்கள். நிழலில், ஓடைக்கரையில், ஒரு சாணுக்கு மேல் வளராத செடி. இதய வடிவத்தில் இலை. தாவரவியல் பெயர் டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ். வள்ளிக்கிழங்குக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள், பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாலோடு என்ற ஊரில் இருக்கிற வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் அதை ஆராய்ந்து, அமுக்கிரா, விஷ்ணுகிரந்தி முதலான வேறு மூன்று மூலிகைகளோடு சேர்த்து 'ஜீவனி' என்று ஒரு மருந்து செய்தார்கள். 1995இல் கோவையைச் சேர்ந்த ஆரிய வைத்தியக் கம்பெனிக்கு ஏழு வருஷ உரிமம். பத்து லட்சம் ரூபாய் முன்பணம், விற்பனையில் 2 சதவீதம். வருகிற பணத்தில் பாதி காணிகளுக்கு என்று நிலையமே முடிவு செய்தது. அந்தக் காலத்தில் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டமே கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் 2002இல்தான் வந்தது. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று பாடப் புத்தகத்தில் போட்டார்கள். 2002இல் ஐக்கிய நாடுகளின் பரிசும் கிடைத்தது.

இப்போது மறுபக்கம். 1995இலேயே பிலாத்திகள் சிலர், அதாவது காணிகளின் மருத்துவர்கள், எங்கள் அறிவைக் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். செடியைக் காட்டியது இளைஞர்கள், பாரம்பரியமாக அதைக் காத்து வந்தவர்கள் பிலாத்திகள். யாரிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும்? பணத்தை வாங்குவதற்கு 1997இல் ஒரு அறக்கட்டளை பதிவு செய்தார்கள். 1999இல்தான் முதல் தொகை போய்ச் சேர்ந்தது, ஐந்து லட்சத்துச் சொச்சம். செடியை வெட்டவெளியில் நட்டால் சரிப்படாது, காட்டு நிழல் வேண்டும். காணிகள் தங்கள் குடியிருப்பை ஒட்டிப் பயிர் செய்தபோது, காட்டிலிருந்தும் பிடுங்கிச் சேர்த்துவிடுவார்கள் என்று வனத்துறை தடுத்தது. இலைக்கு ஆசைப்பட்டு வெளியாட்கள் செடியை வேரோடு பிடுங்கியதும் நடந்தது. ஒரு சாண் செடிக்கு எத்தனை பேர்!

அம்பை_முருகன்

பாபு சேட்டா, அந்த அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரள' என்று இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற காணிகளுக்கு அதில் என்ன? மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி எல்லாம் ஒரே சனம்தான், கொண்டான் கொடுத்தான் உறவு. செடிக்கும் எல்லைக்கோடு தெரியாது.

நெய்யாற்றங்கரை_பாபு

சரியான கேள்வி. எனக்குப் பதில் இல்லை. எங்கள் பக்கத்திலேயே எல்லாக் குடியிருப்புக்கும் அந்த விஷயம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

கண்டிப்_பூங்குயில்

வணக்கம், இலங்கையிலிருந்து. ஜெய்லானிக்கஸ் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அந்தப் பெயரே எங்கள் தீவினுடையது. இங்கே ஈரவலயக் காடுகளில் இந்தச் செடி இருக்கிறது. சிங்களத்தில் 'பிம் பொல்' என்பார்கள், நிலத்தேங்காய் என்று பொருள். காயைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். ஆனால் களைப்புத் தீர அதைத் தின்கிற பழக்கம் இங்கே இல்லை. நான் கேட்டுப் பார்த்த வைத்தியர்கள் யாரும் அப்படி ஒரு பாவனையைச் சொல்லவில்லை. அங்கே உள்ளதும் இங்கே உள்ளதும் துணைவகையில் வேறு என்று சொல்கிறார்கள், அதனாலும் இருக்கலாம்.

செடி இரண்டு இடத்திலும் நிற்கிறது, அறிவு ஒரு மலையில் மட்டும். அதனால்தான் 'மூலிகையைக் கண்டுபிடித்தார்கள்' என்று எழுதும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

பாளை_மாணவி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2023இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏட்டில் எழுதப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்துகிறவர்களும் பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்களும் பலனில் பங்கு தர வேண்டியதில்லை என்று ஆகியிருக்கிறது. படித்து முடித்துப் பதிவு செய்தால் நானும் அந்த விலக்குக்குள் வருவேன். எனக்கு வசதிதான். ஆனால் ஏட்டில் இருப்பது முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

அகத்தியர்_அடியேன்

இதைத்தான் நானும் சொல்கிறேன். சித்தர்கள் ஏன் பரிபாஷையில் மறைத்து எழுதினார்கள்? இப்படிக் கம்பெனி கையில் போய்விடும் என்றுதான். ரகசியம் ரகசியமாகவே இருக்க வேண்டும்.

இலைச்சருகு

உங்களோடு நான் ஒத்துப்போகும் முதல் பதிவு இதுதான், பாதி மட்டும். காணிகள் முதலில் சொல்ல மறுத்தது நியாயம். ஆனால் அவர்கள் மறைத்தது வழிப்போக்கனிடம். தங்கள் பிள்ளைகளிடம் அல்ல. சாக்கு விரித்து 'ரகசிய மூலிகை' விற்கிறவர் செய்வது நேர் எதிர், காசு கொடுக்கிற யாருக்கும் விற்பார், பெயரை மட்டும் மறைப்பார். பெயர் தெரிந்தால் விலை இறங்கிவிடும் இல்லையா.

அம்பை_முருகன்

என் சொந்தக் கதை ஒன்று. பதினைந்து வருஷம் இருக்கும். அப்பாவோடு காணிக் குடியிருப்புக்குத் தேன் வாங்கப் போனபோது பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு பெரியவர் எழுந்து போனார், கால் மணி நேரத்தில் ஏதோ இலையைக் கசக்கிக்கொண்டு வந்து வைத்துக் கட்டினார். இரண்டாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. (தானாகவே வற்றியிருக்கும் என்று இலைச்சருகு ஐயா சொல்வார், சரி.) என்ன இலை தாத்தா என்று கேட்டேன். 'பேரு சொன்னா வந்து புடுங்கிருவீக' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர்களுக்குக் காடு மருந்துக்கடை மட்டும் இல்லை. அங்கே நான் பார்த்ததில் முக்கால்வாசி சாப்பாடும் வீடும்தான். ஈற்றை இருக்கிறதே, மூங்கில் மாதிரி மெல்லிய நாணல், அதைப் பிளந்து பாய், கூடை, சுவர்த் தட்டி. இலையில் கூரை. மழைக்கு ஒழுகாது. தோட்டத்தில் மரவள்ளியும் மிளகும். காட்டில் தோண்டி எடுக்கிற கிழங்குகளில் சிலதை நறுக்கி, ஓடுகிற தண்ணீரில் போட்டுக் கசப்பு போன பிறகுதான் வேக வைப்பார்கள். எந்தக் கிழங்குக்கு எத்தனை நேரம் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குங்கிலியம் எடுக்கிற மரத்தில் எந்த அளவுக்குக் காயம் போடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு.

நோய் பெரிதாக இருந்தால் ராத்திரி முழுக்கச் சாற்று என்ற பாட்டுச் சடங்கு நடக்கும். பிலாத்தி கொக்கரையை உரசிக்கொண்டே பாடுவார். கொக்கரை என்பது வரிவரியாக வெட்டின இரும்புக் குழல், கம்பியால் தேய்த்தால் கரகரவென்று சத்தம். மலை, ஆறு, தெய்வம் எல்லாம் அந்தப் பாட்டில் வரும். பாட்டு இல்லாமல் இலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து ஆராய்ச்சி பண்ணுகிறோம். அது பாதி மருந்துதான் என்று எனக்குத் தோன்றும்.

நெய்யாற்றங்கரை_பாபு

இதைக் கேட்கும்போது லட்சுமிக்குட்டி அம்மா நினைவுக்கு வருகிறார். பொன்முடி போகிற வழியில் கல்லாறு காட்டுக்குள் இருக்கிற காணி மூதாட்டி. விஷக்கடி வைத்தியத்தில் பேர் எடுத்தவர். ஐந்நூறு மருந்து வரை எழுதாமல் மனதிலேயே வைத்திருக்கிறவர் என்று சொல்வார்கள். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கவிதையும் எழுதுவார்.

மலையில் இன்னொரு சங்கதி. அகத்தியர்கூடத்தில் மட்டுமே வளர்கிற ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு, மஞ்சள் பூ. 1865இல் ஹீபர் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி கண்டெடுத்தார், அவர் பெயரையே வைத்தார்கள். அதன் பிறகு சேகரிப்பாளர்கள் மூட்டை மூட்டையாகத் தோண்டிப் போனதில் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. இன்றும் உலக வணிகத்தில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. போன தடவை எங்கள் குழுவில் ஒருவர் அதைப் பார்த்ததாகச் சொன்னார், இடம் [நீக்கப்பட்டது]

நெறியாளர்

மேலே உள்ள பதிவில் அரிய தாவரம் இருக்கும் இடம் பற்றிய விவரத்தை நீக்கியுள்ளேன். பாபு, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குழுவில் அது விதி.

நெய்யாற்றங்கரை_பாபு

நீக்கியது சரிதான். எழுதும்போது யோசிக்கவில்லை. காணித் தாத்தா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

தென்காசித்_தூறல்

ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி. செந்துருணி சரணாலயத்துக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? ஆரியங்காவு தாண்டிப் போகும்போதெல்லாம் பலகையைப் பார்ப்பேன். அப்புறம் 'பொதிகைச் சந்தனம்' என்று பழைய பாட்டெல்லாம் சொல்கிறதே, அது இப்போது எங்கே?

இலைச்சருகு

செங்குறிஞ்சி என்ற மரத்தால் வந்த பெயர். ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளுக்கே உரிய மரம். மாமர உறவு, செந்நிறக் கட்டை. மரப்பால் தோலில் பட்டால் சேராங்கொட்டை பட்ட மாதிரி அரித்துத் தள்ளும், அதனால் கையை நீட்டாதீர்கள். சந்தனம் சோலைக்காட்டு மரம் அல்ல. பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சி வாழ்கிற, வறண்ட சரிவின் மரம். 'பொதிகைச் சந்தனம்' என்று பாடியவர்களும் கிழக்கு அடிவாரத்தைப் பார்த்துத்தான் பாடியிருக்க வேண்டும்.

மேலே பாறை முகட்டில் வரைக்கமுகு என்று ஒரு பாக்குமரம் நிற்கும். 'வரை' என்றால் செங்குத்துப் பாறை. யானை எட்டாத இடத்தில்தான் மிஞ்சியிருக்கிறது, எட்டினதையெல்லாம் தின்றுவிட்டது. பெயர் வைத்தவன் அந்தப் பாறையைப் பார்த்தவன்.

கார்த்தி_மதுரை

வேர் விஷயம் முடிந்துவிட்டது! மாமியார் கல்லிடைக்குறிச்சியிலிருந்து நேற்று வந்தார். கூடத்துக்குள் காலை வைத்ததும், 'மாப்பிள்ளை, மாகாளியா வாங்கி வச்சிருக்கீங்க?' என்றார். நான் பரணில் வைத்ததைச் சொல்லவே இல்லை.

இலைச்சருகு

மாகாளிக்கிழங்கு! ஊறுகாய் போடுகிற வேர். நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் வாசனை தெரியாமல் சொல்லக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன். மாமியாரிடம் கேளுங்கள், நன்னாரி மாதிரி வாசனையா, மூட்டைப்பூச்சி வாசனையா?

கார்த்தி_மதுரை

இரண்டும் என்கிறார். மனைவி மூட்டைப்பூச்சி மட்டும் என்கிறாள்.

இலைச்சருகு

அப்படியானால் சந்தேகமே இல்லை. நன்னாரிக் குடும்பத்துக் கொடி. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று வறண்ட பாறை மலைகளில் வளர்கிறது. உங்கள் 'அகத்தியர் வேர்' லாரி ஏறி எங்கிருந்து வந்ததோ.

ஆனால் ஒரு வேடிக்கை. பொதிகையில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. அமிர்தபாலா என்பார்கள், காணிகள் வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கிற வேர். மிகச் சில பாறைச் சரிவுகளில் மட்டும் இருக்கிறது. அரசிலை மாதிரி இலை இருப்பதால் 'அரயால்பத்ரா' என்று பெயர். முதலில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரால் 'ஜானகியா' என்ற பேரினத்தில் வைத்தார்கள், இப்போது மாகாளியின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். வேரில் அதே வாசனைதான். விற்றவர் தெரியாமலே உண்மைக்கு ஒரு அடி பக்கத்தில் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாகாளியும் தோட்டப் பயிர் அல்ல, சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி காட்டில் தோண்டியது. வேரை எடுத்தால் கொடி போயிற்று. ஊறுகாய்ப் பிரியர்கள் கொஞ்சம் அளவாக வாங்கினால் நல்லது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

பாளை_மாணவி

வாசனையை மட்டும் நம்பாமல் தோல், நரம்பு எல்லாம் ஒத்துவருகிறதா என்று மாமியாரைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் அண்ணா. ஏழு துண்டையும் தனித்தனியாக. சாக்குக் கடையில் ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும்.

கார்த்தி_மதுரை

பார்த்துவிட்டார். நாற்பது வருஷமாக மாகாளி நறுக்குகிற கை. ஆறு தேறியது. ஏழாவதாக இருந்த ஒல்லித் துண்டு 'இது என்னமோ, தூரப் போடு' என்று குப்பைக்குப் போய்விட்டது. உங்கள் பேச்சைக் கேட்டதில் தப்பித்தோம்.

முந்நூற்றைம்பது ரூபாய் என்று சொன்னதும் மாமியார் அரை நிமிஷம் பேசவே இல்லை.

அகத்தியர்_அடியேன்

சர்க்கரைக்கு வாங்கப் போய் ஊறுகாய்க்குக் கிடைத்தது. அதுவும் குருவருள்தான்.

அம்பை_முருகன்

சாமி, இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி, ஒரு சின்னப் பாட்டில் நம்ம பக்கமும் அனுப்பிவிடுங்க.

கார்த்தி_மதுரை

தோல் சீவி, நடு நரம்பை உருவி, வில்லை வில்லையாக நறுக்கியாயிற்று. பாலில் அரைக்கச் சொன்ன வேர், கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துப் போட்டு மோரில் ஊறிக்கொண்டிருக்கிறது. பையன் ஜாடிப் பக்கமே போக மாட்டேன் என்கிறான், மனைவி சன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். எனக்கு ஜலதோஷம் இன்னும் விடவில்லை, அதனால் ஜாடியைக் கிளறுகிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.